நெகடிவ்னா நோய் இல்லைன்னு அர்த்தமாய்யா?

மக்களே, இது கொஞ்சம் காட்டமான பதிவு.

நாங்க ஜூஜுவாடி செக்போஸ்ட் பக்கம். மச்சானுக்கு நாலு நாளா காய்ச்சல், மண்டையிடி. ஒரு கிளினிக்குல வெய்ல்-ஃபெலிக்ஸ் டெஸ்ட் எடுத்தாங்க. நெகடிவ். "ஸ்க்ரப் டைபஸ் இல்லை, போங்க"ன்னுட்டாங்க. எட்டாம் நாள் வேற டாக்டர் சட்டையைத் தூக்கிப் பார்த்தா, இடுப்புல சிகரெட் சுட்டாப்ல கருப்புப் புண்ணு! உண்ணிக் குஞ்சு கடிச்ச இடம். ஐஜிஎம் எலைசா பாசிடிவ்.

வெய்ல்-ஃபெலிக்ஸ் 1916-ம் வருசத்து சரக்கு. அதுல ஸ்க்ரப் டைபஸ் கிருமியே கிடையாது. புரோட்டியஸ்ங்கற வேற பாக்டீரியாதான் இருக்கு. நம்ம எதிர்ப்பான் அதோடயும் ஒட்டும்ங்கற நம்பிக்கை. பக்கத்து வீட்டுச் சாவி நம்ம பூட்டுக்குச் சேர்ற மாதிரி. பல நேரம் சேராது.

எலைசா அந்தக் கிருமியோட புரதத்தையே வச்சுப் பாக்குது, அதனால உசத்தி. அதுக்காக அது தெய்வவாக்கு இல்லை. முதல் நாலைஞ்சு நாள்ல எதிர்ப்பானே ஊறியிருக்காது. குணமான பிறகும் மாசக்கணக்குல பாசிடிவ் காட்டும். துல்லியமான ஐஎஃப்ஏ-வுக்கோ ரெண்டு வார இடைவெளியில ரெண்டு தடவை ரத்தம் எடுத்து, நாலு மடங்கு ஏறியிருக்கான்னு பாக்கணும். அதுவரைக்கும் நுரையீரலும் கிட்னியும் காத்திருக்குமா?

"மலிவு, வேற வசதி இல்லை"ம்பாங்க. சரி, பாசிடிவ் வந்தா எடுத்துக்குங்க. நெகடிவை நம்பி ஆளை வீட்டுக்கு அனுப்பாதீங்க. சந்தேகம்னா ரிப்போர்ட்டுக்குக் காத்திராம டாக்டர் டாக்ஸிசைக்ளின் ஆரம்பிக்கணும்னு ஐசிஎம்ஆர் 2015-லயே சொல்லியாச்சு.

டிஸ்கி: மச்சான் இப்ப ஷிஃப்டுக்குப் போறாரு. நான் டாக்டர் இல்லை. காய்ச்சல்னா அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு எல்லாம் பாருங்க, டாக்டர்கிட்டயும் காட்டுங்க.