பேக்கப் ஓடுது சரி, திரும்ப வருதா?

1/ வீட்டுல சொந்தமா சின்ன சர்வர் வெச்சு நெக்ஸ்ட்கிளவுட், இம்மிச் மாதிரி மென்பொருள் ஓட்டறவங்களுக்கு இந்த த்ரெட். நான் ஐடி ஆள் இல்ல, அரசு மருத்துவமனை டாக்டர். பட்டுத்தான் கத்துக்கிட்டேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

2/ அப்பா காஞ்சிபுரத்துல தறி நெய்தவர். அவர் கைப்பட வரைஞ்ச புட்டா, பார்டர் டிசைன் கிராஃப் பேப்பரை லீவு நாள்ல ஸ்கேன் பண்ணி சர்வர்ல ஏத்திட்டு இருந்தேன். தினம் ராத்திரி 2 மணிக்கு கிரான் மூலமா ஒரு ஸ்கிரிப்ட் ஓடி, ஆர்சிங்க் வெச்சு யுஎஸ்பி டிஸ்க்குக்கு நகல் எடுக்கும். லாக்ல தினமும் 'வெற்றி'. நிம்மதியா தூங்கினேன்.

3/ ஒருநாள் சர்வரோட எஸ்எஸ்டி செத்துப்போச்சு. யுஎஸ்பி டிஸ்க்கைத் திறந்தா, மூணு மாசத்துக்கு முன்னாடியே நின்னு போயிருக்கு. ஒரு தடவை கரண்ட் போய் வந்தப்போ டிஸ்க் மவுண்ட் ஆகல. காலி ஃபோல்டர் மட்டும் இருந்துச்சு. அதுக்குள்ள, அதாவது அதே எஸ்எஸ்டியிலயே, ஸ்கிரிப்ட் தினம் நகல் எடுத்திருக்கு. மூலமும் நகலும் ஒண்ணா போச்சு.

4/ அந்த மூணு மாசத்துல ஸ்கேன் பண்ண பேப்பர்ல பாதியை, கரையான் அரிச்சதுன்னு நானே தூக்கிப் போட்டிருந்தேன். அப்பா இப்போ இல்ல.

5/ கத்துக்குட்டிக்கு மட்டும் நடக்கறதில்ல இது. 2023 ஆகஸ்ட்ல இலங்கை அரசோட கிளவுட் மேல ரான்சம்வேர் தாக்குதல். பேக்கப்பும் சேர்ந்தே பூட்டப்பட்டது. தனியா எடுத்து வெச்ச ஆஃப்லைன் நகல் இல்லாததால மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரைக்குமான அரசு மின்னஞ்சல்கள் போச்சு. மெயில் ஓடினது எக்ஸ்சேஞ்ச் 2013ல. அதுக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் அந்த ஏப்ரல்லயே நிறுத்திடுச்சு. அப்டேட், பேக்கப் ரெண்டும் ஒரே நோய்தான்.

6/ இப்போ என் ஸ்கிரிப்ட்: முதல்ல 'மவுண்ட்பாயிண்ட்' கட்டளை. டிஸ்க் இல்லன்னா அங்கேயே நின்னுடும். அடுத்து 'பிஜி_டம்ப்' (ஓடிட்டிருக்கற டேட்டாபேஸ் ஃபைலை அப்படியே காப்பி அடிக்காதீங்க). அப்புறம் ரெஸ்டிக். எல்லாம் சரியா முடிஞ்சா மட்டும் போனுக்கு மெசேஜ். மெசேஜ் வரலன்னா ஏதோ தப்புன்னு அர்த்தம்.

7/ அப்டேட்? டெபியன் பாதுகாப்பு அப்டேட்டை 'அனட்டெண்டட் அப்கிரேட்ஸ்' பாத்துக்கட்டும். டாக்கர்ல ஓடற மென்பொருளை மட்டும் கண்ணை மூடிட்டு விடாதீங்க. பேக்கப் முடிஞ்ச பிறகே புது இமேஜை இழுக்கணும், அதுவும் வெளியீட்டுக் குறிப்பைப் படிச்சிட்டு.

8/ ஆனா ஒண்ணை மட்டும் ஆட்டோமேட் பண்ணிட்டு மறந்துடக் கூடாது: மீட்டுப் பாக்கறது. வார்டுல எமர்ஜென்சி டிரே இருக்குன்னு யாரும் விட்டுட மாட்டோம். லாரிங்கோஸ்கோப் பல்பு எரியுதா, சிலிண்டர்ல பிரஷர் இருக்கா, மருந்து காலாவதி ஆச்சான்னு பாத்துத்தான் கையெழுத்து. எரியாத பல்பு டிரேயில இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?

9/ காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடல் போயிருக்கீங்களா? பாலாறு, செய்யாறு, வேகவதி சேர்ற இடம். அங்க பெருமாள் கோயில்ல வீரராஜேந்திர சோழன் காலக் கல்வெட்டு. 11ஆம் நூற்றாண்டுல அங்க இருந்த 15 படுக்கை ஆஸ்பத்திரி, வைத்தியர், அறுவை செய்பவர், மருந்து இருப்புன்னு கணக்கு எல்லாம் இருக்கு. அந்த ஆஸ்பத்திரி இன்னைக்கு இல்ல. ஆனா கல் இருக்கு, மைப்படி எடுத்தாங்க, 'எபிகிராஃபியா இண்டிகா'வுல அச்சும் ஆச்சு. மூணு நகல், வேற வேற பொருள், வேற வேற இடம். இன்னைக்கு பேக்கப்புக்குச் சொல்ற 3-2-1 விதியும் இதேதான்.

10/ அதைவிட முக்கியம், ஒருத்தர் உக்காந்து அதைப் படிச்சார். படிக்கிற வரைக்கும் அது சுவர்தான்.

11/ அதனால இந்த ஞாயித்துக்கிழமை 10 நிமிஷம் ஒதுக்குங்க. பேக்கப்ல இருந்து ஒரே ஒரு ஃபைலை வேற மெஷின்ல மீட்டு, திறந்து பாருங்க. நான் மாசா மாசம் அப்பா போட்ட ஒரு டிசைனை அப்படித் திறந்து பாக்கறேன். மிச்சம் இருக்கறதாவது இருக்கணும்ல.