வலது பக்க ஆல்ட்டும் ரூபாய்க் குறியும்

கீபோர்டில் ஸ்பேஸ் பாருக்கு இரண்டு பக்கமும் ஆளுக்கொன்றாக ஆல்ட் விசை இருக்கிறது. இடது பக்க ஆல்ட்டுக்கு ஓயாத வேலை. ஒரு விண்டோவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ ஆல்ட் + டேப், திறந்ததை மூட ஆல்ட் + எஃப்4, டேலியில் வவுச்சர் போடும்போதே புது லெட்ஜர் திறக்க ஆல்ட் + சி... வலது பக்க ஆல்ட்டை மட்டும் யாரும் சீண்டுவதே இல்லை. அது ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டால் பலருக்கும் பதில் தெரியாது. ஆனால் இந்தியாவில் காமர்ஸ் படிக்கும் மாணவருக்குக் கட்டாயம் சொல்லித்தர வேண்டிய விசை ஒன்று உண்டென்றால் அது இதுதான்!

தனியாகத் தட்டினால் எந்த எழுத்தும் வராமல், இன்னொரு விசையோடு சேரும்போது அந்த விசையின் வேலையை மாற்றுகிற விசைகள் சில உண்டு. ஷிஃப்ட், கன்ட்ரோல், ஆல்ட் எல்லாம் இந்த வகை. இவற்றில் மூத்தது ஷிஃப்ட். 1878ல் வந்த ரெமிங்டன் 2 தட்டச்சு இயந்திரத்தில் ஷிஃப்ட் இருந்ததால்தான் ஆங்கிலத்தின் சிறிய எழுத்து, பெரிய எழுத்து இரண்டையும் ஒரே விசையில் வைக்க முடிந்தது. ஒவ்வொரு விசைக்கும் ஒரு மாடி கட்டியது போல.

அந்த மாடிக்கும் மேலே இன்னொரு மாடி கட்டுவதுதான் வலது பக்க ஆல்ட்டின் வேலை. ஐரோப்பியக் கீபோர்டுகளில் அதன் மேல் 'ஆல்ட் ஜிஆர்' என்றே அச்சிட்டிருப்பார்கள். 'ஆல்டர்னேட் கிராஃபிக்' என்பதன் சுருக்கம் அது. இந்த விசை இல்லாவிட்டால் ஜெர்மானியர் ஒருவருக்கு மின்னஞ்சல் முகவரி அடிப்பதே சிரமம்தான். ஏனென்றால் ஜெர்மன் விசை அமைப்பில் @ குறி ஆல்ட் ஜிஆர் + க்யூவில் இருக்கிறது. போலந்துக்காரர்கள் தங்கள் மொழிக்கே உரிய எழுத்துகளை ஆங்கில எழுத்து விசைகளோடு ஆல்ட் ஜிஆரைச் சேர்த்து அடிக்கிறார்கள். 1999ல் யூரோ பிறந்தபோது அதன் € குறிக்கும் இங்கேதான் இடம் கிடைத்தது. ஜெர்மனியில் ஆல்ட் ஜிஆர் + ஈ, பிரிட்டனில் ஆல்ட் ஜிஆர் + 4.

இந்தியக் கதைக்கு வருவோம். 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை ₹ என்ற புதிய குறியை ஏற்றுக்கொண்டது. வடிவமைத்தவர் தமிழகத்தைச் சேர்ந்த உதயகுமார். தேவநாகரி 'ர' எழுத்தும் ரோமன் 'ஆர்' எழுத்தும் சேர்ந்த வடிவம் அது. அதே ஆண்டு அக்டோபரில் வெளிவந்த யூனிகோடு 6.0 பதிப்பிலேயே ₹க்குத் தனி எண் கிடைத்துவிட்டது. மூன்றே மாதம்! பிறகு விண்டோஸிலும் 'இங்கிலீஷ் (இந்தியா)' என்ற விசை அமைப்பில் ஆல்ட் ஜிஆர் + 4 அடித்தால் ₹ வரும்படி செய்தார்கள். லினக்ஸிலும் ரூபாய்க் குறியோடு கூடிய இந்திய அமைப்பு இருக்கிறது, அதிலும் அதே ஆல்ட் ஜிஆர் + 4தான். ஆக, குறியும் தயார், அதற்கு விசையும் தயார்.

அப்படியும் ஏன் பலருக்கு ₹ வருவதில்லை? இங்கே பல கணினிகள் 'இங்கிலீஷ் (யுனைடெட் ஸ்டேட்ஸ்)' அமைப்பிலேயே ஓடுகின்றன. அமெரிக்க அமைப்பில் வலது ஆல்ட்டும் வெறும் ஆல்ட்தான். மூன்றாவது மாடியே கிடையாது. இந்தியாவில் விற்கும் பல லேப்டாப்களில் 4 விசையின் ஓரத்தில் ₹ அச்சிட்டிருப்பதைப் பார்க்கலாம். வாங்கியவர் அதை ஷிஃப்ட்டோடு அடித்துப் பார்ப்பார், டாலர் வரும். ஆல்ட்டோடு அடித்துப் பார்ப்பார், ஒன்றும் வராது. 'சும்மா அச்சிட்டிருக்கிறார்கள்' என்று விட்டுவிட்டு மறுபடி 'ரூ.' என்று அடிக்கப் போய்விடுவார்.

'ஒரு குறி வராததற்கா இவ்வளவு பேச்சு?' என்று தோன்றலாம். குறி வராததைவிட, அதற்குக் கண்டுபிடித்த குறுக்கு வழிதான் பெரிய சிக்கல். 2010ல் ₹ அறிவிக்கப்பட்ட உடனேயே அதற்கென்று இலவச எழுத்துருக்கள் இணையத்தில் பரவின. அவற்றில் பிரபலமானது, டேப் விசைக்கு மேலே இருக்கும் ` என்ற சாய்கோட்டு விசையை அடித்தால் ₹ போலக் காட்டியது. யூனிகோடில் இடம் கிடைக்காத அந்தச் சில வாரங்களுக்கு அது நல்ல உதவிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் கணினிக்குள் பதிவாவது ` மட்டுமே. அந்த எழுத்துரு இல்லாத வேறு கணினியில் அதே கோப்பைத் திறந்தால் ₹5000 இருந்த இடத்தில் `5000 என்று நிற்கும்.

கடிதமாக இருந்தால் பார்ப்பதற்கு அசிங்கம், அவ்வளவுதான். கணக்காக இருந்தால்? எக்செல் கட்டம் ஒன்றில் `5000 என்று அடித்தால் எக்செல் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாது, எழுத்தாகத்தான் எடுத்துக்கொள்ளும். கீழே 'சம்' போட்டுக் கூட்டினால் அந்த 5000ஐ விட்டுவிட்டு மற்றதைக் கூட்டும். பிழை என்று ஒரு வார்த்தை சொல்லாது! திரையில் எல்லாம் அழகாக ₹ போலவே தெரியும், கூட்டுத்தொகை மட்டும் குறையும். நூறு வரி உள்ள பில் பட்டியலில் இப்படி இரண்டு வரி இருந்தால் கண்டுபிடிப்பதற்குள் விடிந்துவிடும். மாறாக, விண்டோஸில் நாடு இந்தியா என்று அமைத்திருந்தால், நிஜமான ₹ போட்டு 5000 அடித்தாலும் எக்செல் அதை எண்ணாகவே ஏற்றுக்கொள்ளும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணக்குக்கு இரண்டும் வேறு.

'எதற்கு இந்த வம்பு, ரூ. என்றோ ஆங்கிலத்தில் ஆர்எஸ் என்றோ எழுதினால் போதாதா?' என்பது நியாயமான கேள்வி. உள்ளூர்க் கடிதத்துக்குத் தாராளமாகப் போதும். ஆனால் பாகிஸ்தான், இலங்கை, நேபாளம், மொரீஷியஸ் நாட்டுப் பணமும் ரூபாய்தான். இந்திய ரூபாயைத் தனியாக அடையாளம் காட்ட வேண்டும் என்பதும் புதுக் குறிக்கு ஒரு காரணம். வெளிநாட்டுக்கு விலைப்பட்டியல் அனுப்பும் வியாபாரிக்கு இந்த வித்தியாசம் முக்கியம்.

2025 மார்ச்சில் தமிழக அரசு தன் பட்ஜெட் இலச்சினையில் ₹க்குப் பதில் 'ரூ' என்று போட்டபோது நாடு முழுவதும் விவாதம் நடந்தது. எந்தக் குறி சரி என்பது அவரவர் கருத்து. தமிழுக்கு ௹ என்ற சொந்தக் குறியும் யூனிகோடில் இருக்கிறது. ஆனால் எந்தக் குறியை விரும்பினாலும் அதை முறையாக உள்ளிடத் தெரிந்திருக்க வேண்டும். எழுத்துருவை வைத்து ஏமாற்றிய குறி எந்த மொழியில் இருந்தாலும் ஒருநாள் காலை வாரிவிடும்.

இதற்குத் தீர்வு ஒன்றும் பெரிய விஷயமில்லை, செலவும் இல்லை. விண்டோஸ் செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய் 'இங்கிலீஷ் (இந்தியா)'வைச் சேர்த்து, கீபோர்டையும் அதற்கே மாற்றினால் முடிந்தது. ஆங்கில எழுத்துகள் எல்லாம் பழைய இடத்திலேயே இருக்கும். பிறகு வலது ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு 4. வலது ஆல்ட் சரியில்லாத கீபோர்டாக இருந்தால் கன்ட்ரோலையும் இடது ஆல்ட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு 4 அடிக்கலாம். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இதைச் செய்ய வேண்டியவர் மாணவர் மட்டுமல்ல. கணினி விற்கும் கடைக்காரர் விற்கும்போதே இந்திய அமைப்பைப் போட்டுக் கொடுக்கலாம். கல்லூரி கணினி ஆய்வகங்களில் எல்லா இயந்திரத்திலும் ஒருமுறை மாற்றி வைத்தால் போதும். கன்ட்ரோல் + சி, கன்ட்ரோல் + வி சொல்லிக்கொடுக்கும் அதே முதல் வகுப்பில் ஆல்ட் ஜிஆர் + 4ஐயும் சேர்த்துச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. பணத்தைக் கணக்குப் பார்ப்பதற்கென்றே மூன்று வருடம் படிக்கிற ஒருவர், அந்தப் பணத்தின் குறியை வேறெங்கிருந்தோ காப்பி செய்து ஒட்டிக்கொண்டிருப்பது அவ்வளவு நன்றாக இல்லையே!