பத்மினியும் நானும் கோவைக்குப் போனோம்

போன இதழில் வடகம் காய வைப்பதைப் பற்றி எழுதியதற்கு நிறையச் சகோதரிகள் கடிதம் போட்டிருக்கிறீர்கள். எல்லோருக்கும் அடுத்த தடவை பதில் எழுதுகிறேன். இந்தத் தடவை வடகமும் இல்லை, வற்றலும் இல்லை. ஒரு காரைப் பற்றி. 'நமக்கெதுக்கு இதெல்லாம்' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் ஸீட்டில் உட்காரும் பழக்கம் உள்ளவர்கள் அவசியம் படியுங்கள்.

எங்கள் வீட்டில் மாமா 1984-ல் வாங்கிய ப்ரீமியர் பத்மினி இருக்கிறது. அப்போதெல்லாம் பணம் கட்டிவிட்டு வருஷக் கணக்கில் காத்திருந்துதான் கார் வாங்க முடியும். பம்பாய் குர்லாவில் செய்த வண்டி. அசலில் இது இத்தாலிக்காரர்களின் ஃபியட் 1100. 1974-ல்தான் பத்மினி என்று பேர் வைத்தார்கள். சித்தூர் ராணி பத்மினியின் பேராம். எங்கள் அத்தையோ கடைசி வரைக்கும் அது நாட்டியப் பேரொளி பத்மினியின் பேர்தான் என்று சாதித்தார். யார் சொல்லியும் கேட்கவில்லை!

மாமாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. ஏழெட்டு வருஷம் முன்னால், பக்கத்தில் வருகிற சைக்கிள் கண்ணுக்குத் தெரியவில்லை என்றார். டாக்டரிடம் போனால் கிளாகோமா. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைக் கெடுக்கிற நோய். வலியே இருக்காது. ஓரப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், நமக்கே தெரியாது. போன பார்வை திரும்பாது, மிச்சம் இருப்பதைத்தான் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்ற முடியும். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களுக்கும் வர வாய்ப்பு அதிகம் என்பதால் என் வீட்டுக்காரரையும் கொழுந்தனாரையும் இழுத்துக்கொண்டு போய்ப் பரிசோதித்தேன். நாற்பது வயது ஆனவர்கள் கண்ணாடி மாற்றப் போகும்போது கண் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அன்றைக்குச் சாவியை என் கையில் கொடுத்தவர்தான் மாமா. அப்புறம் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. பேச்சும் குறைந்துவிட்டது. என் வீட்டுக்காரருக்கு அந்த வண்டி பிடிபடவே இல்லை. அதன் கியர் கீழே இருக்காது, ஸ்டியரிங் தண்டிலேயே இருக்கும். எனக்கு மாமாவே ஓட்டக் கற்றுக்கொடுத்ததால் அந்தக் கியர்தான் சுலபம்! "சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது, வித்துப்புடலாம்" என்று இவர் சொல்வார். மாமா வாயைத் திறக்க மாட்டார்.

கோயமுத்தூரில் பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம் நடத்துவதாகக் கேள்விப்பட்டதும் மாமா என்னைக் கூப்பிட்டார். "அம்மிணி, ஒரே ஒருக்கா நம்ம வண்டியையும் அங்க கொண்டுபோய் நிறுத்தோணும். அப்புறம் நீங்க என்ன வேணாலும் பண்ணிக்கங்க." நான் எப்படி மாட்டேன் என்று சொல்வேன்?

அவிநாசியிலிருந்து கோவை நாற்பது கிலோ மீட்டர்தான். ஆனால் நாற்பது வயசு தாண்டின வண்டிக்கு அது திருப்பதி யாத்திரை மாதிரி. பத்து நாள் முன்னாடியே மெக்கானிக்கை வரவழைத்தேன். பிரேக், டயர், ஃபேன் பெல்ட் பார்த்தார். இப்போது பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்து வருகிறது அல்லவா, அது பழைய வண்டியின் ரப்பர் குழாய்களை அரித்துவிடும் என்றார். பம்பிலிருந்து கார்புரேட்டர் போகிற குழாயை மட்டும் அப்போதைக்கு மாற்றினார். வீட்டில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பெட்ரோல் வாசனை வந்தால் அலட்சியமாக இருக்காதீர்கள்.

கிளம்புகிற அன்று காலையில்தான் தகராறு. கொழுந்தனார் மகள் எட்டு மாதக் குழந்தையோடு வந்திருந்தாள். "பெரியம்மா, நான் பாப்பாவை மடியில வச்சுக்கிட்டு முன்னாடி உக்காந்துக்கறேன்" என்றாள். நான் முடியவே முடியாது என்றேன். 1994-க்கு அப்புறம்தான் நம் நாட்டில் காரின் முன் ஸீட்டுக்கு பெல்ட் கட்டாயமானது. எங்கள் பத்மினியில் பெல்ட்டே கிடையாது. நாலு கிலோ மீட்டரோ நாற்பதோ, வேகமாய்ப் போகிற வண்டி எதிலாவது மோதி நின்றால் எட்டுக் கிலோ குழந்தையை எந்தத் தாயின் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. அந்த நேரத்தில் அதன் பாரம் பல மடங்காகிவிடும். தாயும் சேர்ந்து முன்னால் போனால் நடுவில் நசுங்குவது குழந்தைதான். புது வண்டியானாலும் இதே கதைதான். முன் ஸீட்டில் காற்றுப் பை வேறு வெடித்துத் திறக்கும்.

அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "நாங்கெல்லாம் அப்படித்தானே வளர்ந்தோம்?" என்று கொழுந்தனார் வேறு பரிந்து பேசினார். வளர்ந்தவர்கள் வந்து பேசுகிறோம், வளராமல் போனவர்கள் வந்து பேச முடியுமா? மாமாதான், "அம்மிணி சொல்றதக் கேளு கண்ணு" என்று முடித்துவைத்தார். குழந்தை அவள் வீட்டுக்காரரின் புதுக் காரில், பின் ஸீட்டில், பின்பக்கம் பார்த்தபடி மாட்டியிருந்த குழந்தை நாற்காலியில் வந்தது. வழியெல்லாம் தூங்கியதாம்.

வெயிலுக்கு முன்னால் ஐந்தரை மணிக்கே புறப்பட்டோம். சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்தேன். ஏ.ஸி. கிடையாது. ஆனால் கதவு ஓரத்தில் ஒரு முக்கோணக் கண்ணாடி இருக்கிறதே, அதைத் திருப்பி வைத்தால் காற்று நேராய் முகத்தில் அடிக்கும். புளிசாதம், தயிர்சாதம், பெரிய கேனில் தண்ணீர், ஜாடியில் நீர்மோர், இரண்டு பழைய துண்டு எல்லாம் டிக்கியில். இடது ஓரமாக ஐம்பதிலேயே போனேன். லாரிக்காரர்கள் கூட ஹாரன் அடிக்காமல் சிரித்துக்கொண்டே தாண்டிப் போனார்கள்.

மைதானத்தில் அம்பாஸடர்கள் வரிசையாய் நின்றன. மோரிஸ் மைனர், ஜீப், சென்னை வண்டலூர் பக்கம் தொழிற்சாலையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு எல்லாம் இருந்தன. ஹெரால்டின் முன்பாகம் முழுசும் முதலை வாய் மாதிரி முன்னால் சாய்ந்து திறக்கிறது. மாமா அதைக் கையால் தடவித் தடவிப் பார்த்தார். ஐம்பது வருஷம் தாண்டின வண்டிகளை 2021-ல் வந்த விதிப்படி பழம்பெரும் வண்டியாகப் பதிவு செய்யலாம், நம்பரில் 'வி.ஏ.' என்று வரும், ஆனால் தினசரி ஓட்டக் கூடாது என்று அங்கே ஒருவர் விளக்கினார். எங்கள் பத்மினி அதற்கு 2034 வரை காத்திருக்க வேண்டும். கல்யாண வயசு வராத பெண் மாதிரி!

ஊர்வலத்தில் மாமா என் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வழியில் நின்றவர்கள் கை காட்டினார்கள். அவருக்குத் தெரியாது என்று, "வலது பக்கம் பள்ளிக்கூடப் பையனுக நிக்கறாங்க மாமா" என்று நான் சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் கை ஆட்டினார்.

அங்கேயே ஒருவர் வண்டியைக் கேட்டார். அவர் சொன்ன விலைக்கு எங்கள் மாடிப்படி முழுக்க டைல்ஸ் போட்டு மிச்சமும் இருக்கும். மாமா, "அம்மிணியைக் கேளுங்க, அவதான் ஓட்டறா" என்று என் தலையில் போட்டுவிட்டார். ஒரு வாரம் தவணை கேட்டேன்.

திரும்பும்போது உச்சி வெயில். கருமத்தம்பட்டி தாண்டியதும் வண்டி திக்கித் திக்கி நின்றுவிட்டது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. மாமா காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "ஒண்ணுமில்ல. சூட்டுல பெட்ரோல் ஆவியாயிருச்சு. பம்பு மேல ஈரத் துண்டு சுத்து, இன்ஜின் மேல தண்ணி ஊத்தீராதே" என்றார். குழாயில் பெட்ரோலுக்குப் பதில் ஆவி நின்றால் பம்பால் இழுக்க முடியாதாம். ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது என்றும் சொன்னார். சூடாய் இருக்கும்போது திறந்தால் கொதிநீர் முகத்தில் பீச்சும். (அப்படிப் பட்டுவிட்டால் இருபது நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். மாவு, பற்பசை எதுவும் பூசாதீர்கள்.) ஈரத் துண்டைச் சுற்றிவிட்டு, புளியமர நிழலில் நீர்மோர் குடித்தபடி அரைமணி காத்திருந்தோம். அந்த அரைமணியில் வண்டி வாங்கிய கதை, அத்தையோடு ஊட்டி ஏறிய கதை எல்லாம் வந்தது. ஆறு மாதத்தில் பேசாததை அன்றைக்குப் பேசிவிட்டார். அப்புறம் வண்டி முதல் சாவியிலேயே கிளம்பியது.

அன்று ராத்திரியே இவரிடம் சொல்லிவிட்டேன், ஆர்.ஸி. 2029 வரை இருக்கிறது, அதுவரை விற்கிற பேச்சே வேண்டாம் என்று. "மாடிப்படி?" என்றார். சிமெண்ட்டே போதும் என்றேன். விலை கேட்டவருக்கும் போன் செய்து சொல்லியாயிற்று. மீதி ரப்பர் குழாய்களை மாற்ற வருகிற வியாழக்கிழமை மெக்கானிக் வருகிறார். ஞாயிறு காலையில் மாமா இவருக்கு அந்தக் கியரைப் பழக்கிக்கொண்டிருக்கிறார். இரண்டு பேர் குரலும் தெருக்கோடி வரைக்கும் கேட்கிறது.