நிறம் பார்த்து மூளையை அளந்தவர்கள்

போன மாதம் ஒரு மாணவர் விடுதியில் பேசிக்கொண்டிருந்தபோது, தம்பி ஒருவன் செல்போனில் ஒரு காணொளியைக் காட்டினான். அமெரிக்கக் கால்பந்து. பந்தோடு ஓடுகிறவனை எதிரணிக்காரன் முழு வேகத்தில் வந்து மோதுகிறான். ஹெல்மெட்டோடு ஹெல்மெட் இடிக்கிற சத்தம் நன்றாகக் கேட்கிறது. கீழே விழுந்தவன் அசையவில்லை. "செம அடி இல்லக்கா?" என்றான் தம்பி. விழுந்தவன் யார், அவனுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. எந்த விளையாட்டு ரசிகனும் அதைத் தேடிப் போவதில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

அமெரிக்காவின் தொழில்முறைக் கால்பந்து அமைப்பான என்.எஃப்.எல்-இல் 32 அணிகள் இருக்கின்றன. ஆடுகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கறுப்பின இளைஞர்கள். உரிமையாளர்களோ ஏறக்குறைய எல்லாரும் வெள்ளைக்காரப் பெருங்கோடீஸ்வரர்கள். ஒரு அணியின் பெரும்பான்மைப் பங்கைக் கையில் வைத்திருக்கும் கறுப்பினத்தவர் ஒருவர்கூட இல்லை. அடி வாங்குகிற உடல் யாருடையது, லாபம் யாருடையது என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆட்டத்தில் அடி தற்செயல் அல்ல, அதையே விற்றார்கள். வாரத்தின் மிக மோசமான மோதல்களைத் தொகுத்து, அறிவிப்பாளர்கள் சிரித்துக் கூவியபடி காட்டுகிற பகுதியை ஈ.எஸ்.பி.என். தொலைக்காட்சி சில ஆண்டுகள் ஒளிபரப்பியது. நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியில் 2009 முதல் 2011 வரை, எதிராளியைக் காயப்படுத்தி வெளியேற்றுகிற வீரனுக்குத் தனிப் பணம் கொடுத்ததை என்.எஃப்.எல்-இன் விசாரணையே வெளிக்கொண்டு வந்தது.

இந்த அடிகள் தலைக்குள் என்ன செய்கின்றன? ஹெல்மெட் மண்டை ஓடு உடையாமல் காக்கும். ஆனால் உள்ளே மூளை குலுங்குவதை அதனால் தடுக்க முடியாது. மயக்கம் போடவைக்கும் பெரிய அடி மட்டுமல்ல, பயிற்சியிலும் போட்டியிலும் ஆயிரக்கணக்கில் விழும் சிறு அடிகளும் சேர்ந்து சேர்ந்து மூளையைச் சிதைக்கின்றன. டௌ என்ற புரதம் மூளையில் கட்டிகட்டியாகப் படிகிறது. நினைவு போகும், கோபம் மீறும், மனச்சோர்வு பிடிக்கும், கடைசியில் மறதி நோய். இதற்கு சி.டி.இ. என்று பெயர். செத்த பிறகு மூளையை அறுத்துப் பார்த்துத்தான் இதை உறுதியாகச் சொல்ல முடியும்.

2002-இல் மைக் வெப்ஸ்டர் என்ற வெள்ளையின வீரர் 50 வயதில் இறந்தார். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணிக்கு நான்கு முறை சாம்பியன் பட்டம் வாங்கித் தந்தவர். கடைசிக் காலத்தில் தன் வண்டியிலேயே படுத்துத் தூங்கும் நிலைக்கு வந்திருந்தார். அவர் மூளையை ஆராய்ந்து இந்த நோயைக் கண்டவர் பென்னட் ஒமாலு, நைஜீரியாவில் பிறந்த மருத்துவர். 2005-இல் அவர் கட்டுரை வெளியானதும், அதைத் திரும்பப் பெறச் சொல்லி என்.எஃப்.எல். குழுவின் மருத்துவர்கள் பத்திரிகைக்கு எழுதினார்கள். அந்த மூளைக் காய ஆய்வுக் குழுவுக்கு 1994 முதல் பல ஆண்டுகள் தலைவராக இருந்தவர் ஒரு மூட்டு நோய் மருத்துவர்!

2011-இல் டேவ் டியூர்சன் தன்னைத் தானே நெஞ்சில் சுட்டுக்கொண்டார். தலையில் சுடவில்லை. தன் மூளையை ஆய்வுக்குக் கொடுக்கும்படி குடும்பத்துக்குச் செய்தி அனுப்பியிருந்தார். முன்னாள் வீரர்களின் ஊனமுற்றோர் உதவி மனுக்களைப் பரிசீலிக்கும் குழுவில் உறுப்பினராக இருந்தவர் அவர். பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவர் மூளையிலும் சி.டி.இ. இருந்ததை உறுதி செய்தார்கள். அதே ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட முடிவு: இறந்த 111 என்.எஃப்.எல். வீரர்களின் மூளைகளில் 110-இல் இந்த நோய். சந்தேகம் இருந்த குடும்பங்களே பெரும்பாலும் மூளையைத் தானம் தந்தன என்பதால் எல்லா வீரர்களுக்கும் இதே விகிதம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் சும்மா கடந்துபோகிற எண்ணிக்கையா இது?

ஆயிரக்கணக்கான முன்னாள் வீரர்கள் வழக்குப் போட்டார்கள். 2015-இல் நீதிமன்றம் ஒரு சமரச ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தந்தது. மறதி நோய் வந்தவர்களுக்கு இழப்பீடு. நியாயம் கிடைத்துவிட்டது என்றுதான் உலகம் நினைத்தது. ஆனால் ஒப்பந்தத்தின் மருத்துவ அளவீட்டுக்குள் ஒரு சூது ஒளிந்திருந்தது.

மூளைத்திறன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று சோதிக்கும்போது, ஒருவரின் மதிப்பெண்ணை 'அவரைப் போன்றவர்களின்' சராசரியோடு ஒப்பிடுவார்கள். அதில் இனத்தையும் சேர்த்தார்கள். கறுப்பினத்தவருக்குச் சராசரியே குறைவு என்று வைத்துக்கொண்டார்கள். புரிவதற்காக ஒரு கணக்கு சொல்கிறேன். இரண்டு பேர் சோதனையில் 60 எடுக்கிறார்கள். வெள்ளையினத்தவரிடம், "நீங்கள் 90-இல் இருந்து விழுந்திருக்கிறீர்கள், இந்தாருங்கள் இழப்பீடு" என்கிறார்கள். கறுப்பினத்தவரிடம், "நீ எப்போதுமே 70தானே, பெரிதாக ஒன்றும் இழக்கவில்லை, போய் வா" என்கிறார்கள். ஒரே ஆட்டம், ஒரே அடி, ஒரே மதிப்பெண். பணம் மட்டும் ஒருவருக்கு.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மோசமான பள்ளிகளில் படிக்க வைக்கப்பட்ட கறுப்பினத்தவர்களுக்கு, இல்லாத நோயை இருப்பதாக எழுதிவிடக் கூடாது என்பதற்காகத்தான் 1990களில் மருத்துவர்கள் இதைக் கொண்டுவந்தார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் சமூகம் செய்த அநீதியை உடம்பின் குணமாக எழுதிவைத்தால், அந்தக் காகிதம் பணம் வைத்திருப்பவன் கையில் போய்ச் சேரும்போது ஆயுதமாகிவிடுகிறது.

ஸ்டீலர்ஸ் அணியின் முன்னாள் வீரர்கள் கெவின் ஹென்றியும் நாஜே டேவன்போர்ட்டும் 2020-இல் இதற்கு எதிராக வழக்குத் தொடுத்தார்கள். டேவன்போர்ட்டின் மனு முதலில் ஏற்கப்பட்டிருந்தது. இன அளவுகோலைப் பயன்படுத்தவில்லை என்று சொல்லி என்.எஃப்.எல்-தான் மேல்முறையீடு செய்தது. 2021 மார்ச்சில் நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். வீரர்கள் விடவில்லை. சுமார் 50,000 கையெழுத்துகளோடு முன்னாள் வீரர் கென் ஜென்கின்ஸும் அவர் மனைவியும் பிலடெல்பியா நீதிமன்றத்துக்குப் போனார்கள். மற்ற வீரர்களின் மனைவிமாரும் பேசினார்கள், பத்திரிகையாளர்கள் தோண்டினார்கள். அதே ஆண்டு ஜூனில் என்.எஃப்.எல். பணிந்தது. 2022 மார்ச்சில் இன அளவுகோலை நீக்கும் உடன்பாட்டுக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. பழைய சோதனைகளை மறுமதிப்பீடு செய்ததும், முன்பு மறுக்கப்பட்ட நூற்றுக்கணக்கான கறுப்பின வீரர்கள் தகுதி பெற்றார்கள். சோதனை அதே சோதனைதான். மாற்றியது அளவுகோலை மட்டும்.

"கோடிகளில் சம்பளம், தெரிந்துதானே ஆடினார்கள்" என்று சிலர் கேட்பார்கள். பெரும்பாலான வீரர்கள் மூன்று நான்கு ஆண்டுகளில் வெளியே தள்ளப்படுகிறார்கள். ஒப்பந்தத் தொகையில் பெரும்பகுதிக்கு உத்தரவாதமும் கிடையாது. ஆட்டத்துக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டு என்று என்.எஃப்.எல். அதிகாரி ஒருவர் பகிரங்கமாக ஒப்புக்கொண்டதே 2016-இல்தான். மறைத்து வைத்த ஆபத்தைத் தெரிந்து ஏற்றுக்கொண்டார்கள் என்று எப்படிச் சொல்வது?

இப்போது விதிகள் கொஞ்சம் மாறியிருக்கின்றன. தலையைக் குனிந்து மோதுவதை 2018-இல் தடுத்தார்கள். இருந்தும் 2022 செப்டம்பரில், அடிபட்டுத் தள்ளாடிய டுவா டகோவைலோவா அதே போட்டியில் மீண்டும் களமிறக்கப்பட்டார். நான்கே நாளில் அடுத்த போட்டியில் தலை மோதி, விரல்கள் விறைத்துக் கிடந்தார். அதன் பிறகுதான் நெறிமுறையைத் திருத்தினார்கள். ஒவ்வொரு விதிக்கும் முன்னால் ஒருவர் விழ வேண்டியிருக்கிறது.

இழப்பீட்டு மனுக்களோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிற வேலை என்னுடையது. 'தகுதி இல்லை' என்று ஒரே வரியில் திருப்பி அனுப்புகிற கடிதங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 'உங்களுக்கு அவ்வளவுதான் வரும்' என்று வகுப்பறையில் கேட்டு வளர்ந்த நமக்கு, பிறப்பை வைத்து மூளைக்கு உச்சவரம்பு போடுகிற இந்தப் புத்தி புதிதல்ல. அதனால் தம்பி, தங்கைகளே, 'அறிவியல்பூர்வமான அளவீடு' என்று ஒரு காகிதத்தை யார் நீட்டினாலும் மூன்று கேள்வி கேளுங்கள். யாரை யாரோடு ஒப்பிட்டார்கள்? அந்தச் சராசரியை எடுத்தது யார்? இதனால் யாருக்குப் பணம் மிச்சம்?

அந்தக் காணொளியை இன்னொரு முறை பார்த்தால், விழுந்தவனின் பெயரையும் தேடிப் பாருங்கள்.