காப்பரா என்று மட்டும் கேட்டால் போதாது

"மோட்டார்னா காப்பர் வைண்டிங்தான். அலுமினியம் வாங்கினா ஆறு மாசத்துல புகைஞ்சிடும்." மீஞ்சூரைத் தாண்டிக் காட்டூரிலும் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களிலும் மோட்டார் பேச்சு எடுத்தால் காதில் விழுவது இதுதான். விற்கிறவரும் சொல்கிறார், வாங்குகிறவரும் சொல்கிறார். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் சொல்லப்படும் காரணங்கள் பெரும்பாலும் தவறு. காரணம் தவறாக இருப்பதால்தான் "காப்பர்" என்ற ஒரு சொல்லை நம்பிக் காசு கொடுத்தவர்களின் மோட்டாரும் எரிகிறது. இறால் குட்டையில் காற்று கொடுக்கும் ஏரேட்டர் விடியற்காலை நின்றுபோனால், தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைந்திருக்கும் அந்த நேரத்தில், ஒரு பருவத்து உழைப்பே செத்து மிதக்கும். அதனால் இதைச் சரியாகத் தெரிந்துகொள்வது நல்லது.

முதல் குற்றச்சாட்டு: அலுமினியம் கரண்டைச் சரியாகக் கடத்தாது. மின்வாரியக் கம்பத்தை அண்ணாந்து பாருங்கள். மேலே ஓடுவது பெரும்பாலும் நடுவில் எஃகு வைத்து முறுக்கிய அலுமினியக் கம்பி. ஊர் டிரான்ஸ்ஃபார்மர்கள் பலவற்றின் உள்ளேயும் அலுமினியச் சுற்றுதான். தாமிரம் 100 கடத்தினால் அலுமினியம் சுமார் 61 கடத்தும். அந்தக் குறையைத் தடிமனால் ஈடுகட்டலாம். 22 கேஜ் தாமிரம் செய்யும் வேலையை அதைவிடத் தடித்த 20 கேஜ் அலுமினியம் செய்யும். தடிமன் கூடினாலும் எடை பாதிதான் வரும். இன்னொன்று: காப்பர் வைண்டிங் என்று பெருமையாகச் சொல்லும் மோட்டாரிலும் நடுவில் சுழலும் ரோட்டார் பெரும்பாலும் வார்த்த அலுமினியக் கூண்டுதான். அதை யாரும் குறை சொல்வதில்லை.

இரண்டாவது: தாமிரம் 1085 டிகிரியில்தான் உருகும், அலுமினியம் 660-லேயே உருகிவிடும், அதனால் சீக்கிரம் எரியும். உருகும் சூடு வரைக்கும் எந்த மோட்டாரும் போவதில்லை. முதலில் போவது கம்பியின் மேல் பூசிய எனாமல். 'பி' வகுப்புக் காப்பு 130 டிகிரி தாங்கும், 'எஃப்' வகுப்பு 155. அந்த அளவுக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் காப்பின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பழைய கணக்கு. உள்ளே எந்த உலோகம் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

எரிந்த மோட்டாரைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், காரணம் கண்ணுக்கே தெரியும். ஸ்டாரில் கட்டிய மூன்று ஃபேஸ் மோட்டாரில் இரண்டு ஃபேஸின் காயில்கள் கரிக்கட்டையாகி, மூன்றாவது மட்டும் புதுசு போல் மின்னினால், ஒரு ஃபேஸ் இல்லாமல் ஓடியிருக்கிறது என்று பொருள். டெல்டாவில் கட்டியது என்றால் ஒரு ஃபேஸ் மட்டும் கருகியிருக்கும். எல்லாக் காயிலும் ஒரே சீராகக் கருத்திருந்தால் அதிகச் சுமை, குறைந்த வோல்டேஜ், அல்லது பேரிங் இறுகியது. இரண்டு ஃபேஸ் மட்டும் வரும் நேரத்தில் கன்டென்சர் போட்டு மூன்று ஃபேஸ் மோட்டாரை ஓட்டும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. 230 வர வேண்டிய இடத்தில் 180 வோல்ட் வந்தால் மோட்டாரின் இழுவிசை 61 சதவீதமாகிவிடும். அதே சுமையை இழுக்கக் கூடுதல் கரண்ட் எடுக்கும், சூடாகும். இப்படி எரிந்தவற்றில் காப்பர் மோட்டார்களும் ஏராளம். பழியை அலுமினியத்தின் மேல் போட்டுவிட்டு, இருபத்தைந்து மீட்டர் மெல்லிய வயரையும் ஓவர்லோடு ரிலே இல்லாத பெட்டியையும் அப்படியே விட்டுவிடுகிறோம்.

காப்பர் என்றால் மின்செலவு குறையும் என்பது மூன்றாவது. மெல்லிய கேஜில் கஞ்சத்தனமாகச் சுற்றிய தாமிரம், தாராளமாகச் சுற்றிய அலுமினியத்தைவிட அதிகம் சூடாகும். பார்க்க வேண்டியது மோட்டார்த் தகட்டில் பொறித்திருக்கும் செயல்திறன் எண்.

நான்காவதுதான் கனமானது: உப்புக் காற்றுக்கு அலுமினியம் நிற்காது. இதை நான் தள்ளவில்லை, திருத்திச் சொல்கிறேன். கம்பியின் உடம்பு எனாமலுக்கும் வார்னிஷுக்கும் உள்ளே பத்திரமாக இருக்கிறது. ஆபத்து முழுவதும் இணைப்பில், இரண்டு விரல் நீளத்தில் இருக்கிறது. வைண்டிங் முனையும் வெளியே வரும் தாமிர வயரும் சேரும் இடம் அது. வைண்டர் பிளேடால் எனாமலைச் சுரண்டி, முறுக்கி, ஈயம் வைத்து, ஸ்லீவ் மாட்டுகிறார். தாமிரத்துக்கு இது போதும். அலுமினியத்தைச் சுரண்டிய கணமே அதன்மேல் ஆக்சைடு படலம் மறுபடி படிகிறது. சாதாரண ஈயம் அதில் பிடிக்காது, பிடித்ததுபோல் மட்டும் இருக்கும். ஏரிக்காற்றின் உப்பு ஈரம் அங்கே நுழைந்தால் தாமிரமும் அலுமினியமும் சேர்ந்து ஒரு பேட்டரி செல் போல ஆகிவிடுகின்றன. அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளைப் பொடியாகிறது. சூட்டில் அலுமினியம் தாமிரத்தைவிட அதிகம் விரிவதால் பிடி தளர்ந்தபடியே இருக்கும். அமெரிக்காவில் 1965 முதல் 1973 வரை அலுமினிய வயர் போட்ட வீடுகளில் தீப்பிடித்ததற்கும் இப்படித் தளர்ந்த இணைப்புகளே முக்கியக் காரணம். தொழிற்சாலையில் படலத்தைக் கிழித்துக் கடிக்கும் கிரிம்ப் போட்டு இதைச் சமாளிக்கிறார்கள். நம் ஊர்க் கடைகளில் அந்த வசதி அரிது.

அதனால் என் தீர்ப்பு இது. காட்டூர்ப் பக்கத்தில் ரீவைண்டிங் என்றால் தாமிரம்தான். ஏரேட்டருக்கும் போர்வெல்லுக்குள் இறங்கும் நீர்மூழ்கி மோட்டாருக்கும் தாமிரம்தான். நீர் நிரப்பிய மோட்டாரின் கம்பிக்கு மேல் பாலி உறை வேறு இருப்பதால், தடித்த அலுமினியத்துக்கு அந்த ஸ்லாட்டில் இடமே கிடையாது. மாறாக, அலுமினியத்துக்கென்றே அளவெடுத்துத் தொழிற்சாலையில் செய்த மின்விசிறியையோ ஃப்ரிட்ஜ் கம்ப்ரசரையோ கண்டு பயப்பட வேண்டாம். விலை குறைவு என்பதும் நியாயமே. ஒரே வேலைக்கான அலுமினியக் கம்பியின் செலவு தாமிரத்தைவிட மிகவும் குறைவு. அந்த மிச்சம் வாங்குகிறவருக்கு வர வேண்டும், அவ்வளவே.

உண்மையான மோசடி வேறு இடத்தில் நடக்கிறது. தாமிரம் இருந்த ஸ்லாட்டில் அதே கேஜ் அலுமினியத்தைச் சுற்றினால் தடை 1.64 மடங்கு. 100 வாட் சூடான இடத்தில் 164 வாட். அந்த மோட்டார் எரியத்தான் செய்யும். இதைவிட மோசமானது, அலுமினியத்தின் மேல் தாமிரத் தோல் போர்த்திய கம்பி. எனாமலைச் சுரண்டினால் செம்பு நிறம் தெரியும், காப்பர் என்று நம்பி விடுவோம். கம்பியை வெட்டி, வெட்டுமுகத்தை அரத்தால் தேய்த்துப் பாருங்கள். நடுவில் வெள்ளையாக இருந்தால் அது தாமிரம் அல்ல.

மோட்டாரை வைண்டிங் கடையில் விடும்போது மூன்று விஷயம் கேட்டு வாங்குங்கள்: அவிழ்த்த பழைய கம்பியின் எடை, அதன் கேஜ், ஒரு காயிலுக்கு எத்தனை சுற்று. புதிதாகச் சுற்றியதும் அந்த மூன்றையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். இரண்டு கிலோ தாமிரம் இருந்த இடத்தில் அதே கேஜ், அதே சுற்றில் அலுமினியம் ஏறினால் எடை அறுநூறு கிராம்தான் வரும். தராசு கடையிலேயே இருக்கிறது, உங்கள் கண் முன்னால் நிறுக்கச் சொல்லுங்கள்.