சூரியன் திரும்பும் நாள் எது?

டிசெம்பர் மாதத்துப் புருசெத்தில் காலை ஒன்பது மணி கடந்த பின்னரே சூரியன் உதிக்கின்றது. பிற்பகல் மூன்றேகால் மணிக்கு முன்னரே மறைந்தும் விடுகின்றது. வேலைக்குப் புறப்படும்போதும் இருள்; வீடு திரும்பும்போதும் இருள். நிலக்கீழ் ரயிலால் இறங்கி மேலேறி வருபவருக்கு, பகல் முடிந்துவிட்டதா, இன்னும் தொடங்கவில்லையா என்பதைக் கைக்கடிகாரமே சொல்ல வேண்டியிருக்கின்றது. இதையெல்லாம் எமது வாசகர்களுக்கு எடுத்துரைக்கத் தேவையில்லை. எனினும் இவ்வாரம் இவ்விருளிலிருந்தே தொடங்க வேண்டியுள்ளது.

இம்மாத முற்பகுதியில் அயலிலுள்ள ஒரு வீட்டிற்குச் சென்றிருந்தேன். ஐந்தாம் வகுப்பிற் படிக்கும் அவ்வீட்டுச் சிறுமி என்னைக் கண்டதும் கேட்டாள்: “மாமா, சூரியன் திரும்பிறது டிசெம்பர் இருபத்தொண்டிலை எண்டு ரீச்சர் சொன்னவ. அப்ப நாங்கள் ஏன் ஜனவரி பதினாலிலை பொங்கிறம்? நாங்கள் சொல்லுறது பிழையோ?”

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மம்மா பேத்தியை அதட்டவில்லை. “அதுதானே, சொல்லுங்கோ தம்பி” என்றார்.

கேள்வி நியாயமானது. தைப்பொங்கல் உத்தராயணத்தின் தொடக்கம், சூரியன் வடக்கு நோக்கித் திரும்பும் நாள் என்றே நாம் பிள்ளைகளுக்குக் கற்பித்து வருகின்றோம். பாடசாலை வேறொரு நாளைக் கூறுகின்றது. இரண்டில் ஒன்று பொய்யென்று பிள்ளை எண்ணத் தலைப்படுமாயின், எதைப் பொய்யென்று தள்ளும் என்பதை ஊகிப்பது கடினமன்று. ஆகவே மழுப்பாமல் விடை கூற வேண்டியதாயிற்று.

வானத்தைப் பொறுத்தவரை ஆசிரியை கூறியதே சரி. டிசெம்பர் 21 அல்லது 22 ஆம் திகதி சூரியன் தென்கோடியை அடைந்து திரும்புகின்றது. அன்று ஒஸ்லோவில் நண்பகலிற்கூட அது அடிவானத்திலிருந்து ஏழு பாகை உயரத்தைத் தொடுவதில்லை. பகற்பொழுது ஆறு மணித்தியாலத்திற்குச் சற்றுக் குறைவு. யாழ்ப்பாணத்திலோ அதே நாளில் ஏறத்தாழ 57 பாகை உயரத்தில் நிற்கும். பகல் சுமார் பதினொன்றரை மணித்தியாலம். எம்மூரில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒரு மணித்தியாலத்திற்குச் சற்றே கூடுதல். கண்ணுக்கு எளிதிற் புலப்படாத அத்திருப்பத்தை எம்முன்னோர் பொறுமையாகக் கவனித்தே அறிந்திருக்க வேண்டும்.

அவ்வாறாயின் தை முதலாம் நாள் எங்கிருந்து வந்தது? எமது பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்து மாதத்தைக் கணிக்கின்றது. பூமியின் அச்சோ வேகம் தளர்ந்த பம்பரம்போல மெல்லத் தலை சுற்றுகின்றது. ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 26,000 ஆண்டுகள். அதனால் நட்சத்திரக் கணக்கும் சூரியனின் திருப்பமும் சுமார் 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் விலகிச் செல்கின்றன. ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன்னர் இரண்டும் ஒரே நாளில் நிகழ்ந்தன. இன்று இடைவெளி மூன்று வாரத்திற்கு மேல். சுவாமி விவேகானந்தர் பிறந்த 1863 ஜனவரி 12 மகர சங்கிராந்தி நாள். இப்போது அந்நாள் 14 அல்லது 15 ஆம் திகதியில் வருகின்றது. சூரியன் மகர ராசியிற் புகும் நாளிற் பொங்குகின்றோம் என்பது பஞ்சாங்கக் கணக்கிற் பிழையன்று. அன்றுதான் சூரியன் வடக்கே திரும்புகின்றது என்பதே இப்போது பொருந்தாதது.

இந்நாட்டவரின் நாட்காட்டியும் இவ்வாறு நழுவியதுதான். டிசெம்பர் 13 ஆம் திகதி பாலர் பாடசாலைகளில் எமது குழந்தைகளும் வெள்ளையுடுத்து விளக்கேந்திச் செல்கின்றனரே, அந்த லூசியா நாளின் இரவையே பழைய நோர்வே மக்கள் வருடத்தின் மிக நீண்ட இரவு என்று கொண்டனர். பழைய ஜூலியன் நாட்காட்டி பிந்திச் சென்றதால், பதினான்காம் நூற்றாண்டளவில் சூரியனின் திருப்பம் அத்திகதியிலேயே நேர்ந்தது. நாட்காட்டியை 1700 இல் திருத்தினார்கள். ஆயினும் விளக்கேற்றும் நாளை மாற்றவில்லை. இன்னொன்றும் உண்டு. கிறிஸ்தவத்திற்கு முற்பட்ட ‘யூல்’ பண்டிகை நடுக்குளிர்கால இரவில் தொடங்கி மூன்று இரவுகள் நடைபெற்றது என்றும், பத்தாம் நூற்றாண்டில் ஹோக்கோன் அரசனே அதனைக் கிறிஸ்தவர் கொண்டாடும் நாளுக்கு மாற்றினான் என்றும் ஸ்னொரி எழுதி வைத்திருக்கின்றார். அந்த நடுக்குளிர்கால இரவு ஜனவரி நடுப்பகுதியை ஒட்டியது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஏறத்தாழ எமது பொங்கல் நாள்! (நோர்வேஜிய மொழியிற் சூரியனுக்குப் பெயர் ‘சூல்’. தமிழிற் சூல் என்றால் கரு. ஒலி ஒற்றுமைதான், அதன்மேல் ஆராய்ச்சி மாளிகை எழுப்ப வேண்டாமென நண்பர்களைக் கேட்டுக்கொள்கின்றேன்.)

சிறுமிக்கு இவ்வளவும் போதுமாயிருந்தது. தன் அறைக்குள் ஓடிவிட்டாள். அம்மம்மாவின் கையிலிருந்த கத்திதான் அசையாமல் நின்றது.

“அப்ப தம்பி, மார்கழி கடைசியிலை போன ஆக்கள் உத்தராயணத்திலை போனதெண்டோ கணக்கு?”

அவருடைய கணவர் 2009 ஜனவரி முதல் வாரத்தில், கிளிநொச்சி வீழ்ந்த சில நாட்களுக்குள், தருமபுரத்தில் ஒரு தறப்பாள் கொட்டிலில் நோயினால் இறந்தவர். இன்னும் பத்து நாள் கிடந்திருந்தால் தை பிறந்திருக்கும். தட்சிணாயனத்தில் வாசல் அடைத்திருக்கும்போது போய்விட்டாரே என்ற துயரை அவர் இத்தனை வருடமாக யாரிடமும் சொல்லாமற் சுமந்திருக்கின்றார். அம்புப் படுக்கையில் உத்தராயணத்திற்காகக் காத்திருந்த பீஷ்மரின் கதையைச் சிறுவயதிற் கேட்ட எவருக்கும் அத்துயர் விளங்கும்.

“ஓம் அம்மா, சூரியன் அப்போதே திரும்பிவிட்டது” என்று சொல்ல நா எழுந்தது. சொல்லியிருந்தால் அது பொய்யும் ஆகாது. ஆனால் அதே கணக்கு ஆனி மாதத்தின் பிற்பகுதியில் இறந்தவர்களிடமிருந்து உத்தராயணத்தைப் பறித்துவிடும். வானத்தின்படி ஜூன் 21 இலேயே சூரியன் தெற்கே திரும்பிவிடுகின்றது. அதுமட்டுமன்று. 1983 ஜூலைப் படுகொலையில் மாண்டவர்கள் ஆடி மாதத்தில் மாண்டவர்கள். எந்தக் கணக்கின்படியும் அது தட்சிணாயனம். அவர்களுக்கு வாசல் அடைத்திருந்தது என்று சொல்ல எவருக்கு மனம் வரும்?

இந்த ஐயம் புதியதுமன்று. கீதையின் எட்டாம் அத்தியாயம் ஒளியின் வழி, இருளின் வழி என இரண்டைக் கூறுகின்றது. ஆயினும் பிரம சூத்திரத்தின் நான்காம் அத்தியாயம், தட்சிணாயனத்தில் இறப்பினும் ஞானி தன் பயனை அடைவான் என்கின்றது. அதற்கு உரையெழுதிய சங்கரர், பீஷ்மர் காத்திருந்தது உலக வழக்கைப் பேணுவதற்கும், விரும்பியபோது உயிர்விடும் வரத்தைக் காட்டுவதற்குமே என்று விளக்குகின்றார். இதனை எனக்குத் தெரிந்த எளிய மொழியில் அம்மையாருக்குச் சொன்னேன்.

“அவர் ஞானியில்லைத் தம்பி. சங்கக்கடை மனேச்சர்.”

இதற்கு என்னிடம் உடனே விடை இருக்கவில்லை. அவரே சற்று நேரம் கழித்து, கொட்டிலுக்குக் கிடைத்த அரிசியில் முதற்பங்கைக் கணவர் எப்போதும் அயற்கொட்டிற் பிள்ளைகளுக்கே அளந்து கொடுத்தார் என்றார். நிறை ஒரு நாளும் குறையவில்லையாம்.

மார்கழியைத் தேவர்களின் வைகறை என்பது எமது மரபு. விடியல் அன்று, விடியலுக்கு முந்திய இருள். யாழ்ப்பாணத்துக் கிராமங்களிற் சங்கும் சேமக்கலமும் ஒலிக்க, மார்கழித் திருவாதிரைக்கு முந்திய பத்து நாட்களும் திருவெம்பாவை பாடி ஊரை எழுப்பியது அவ்விருளிலேதான். வெளிச்சம் வந்த பின்னர் எழும்புவதற்குச் சங்கு எதற்கு? திருப்பமும் அவ்வாறே கண்ணுக்குத் தெரியாமல் நிகழ்கின்றது. டிசெம்பர் 22 இற்குப் பின்னரும் ஒஸ்லோவில் சில நாட்களுக்குக் காலை உதயம் பிந்திக்கொண்டே போகும். குளிரின் கடுமை ஜனவரியிலும் பெப்ரவரியிலுமே. பொங்கல் வரும்போதுதான் பகல் முக்கால் மணித்தியாலத்திற்கு மேல் நீண்டிருக்கும். வேலையால் திரும்புபவர் மேற்கே சிறிது வெளிச்சத்தைக் காண்பார். திரும்பிய நாளிலன்றி, திரும்பியது தெரிகின்ற நாளில் நாம் பொங்குகின்றோம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம். புருசெத்தில் அது உண்மையும்கூட. வடக்கே ஹமர்பெஸ்ற்றில் அதுவுமில்லை. அங்கே ஜனவரி 14 இற் சூரியன் அடிவானத்திற்கு மேலே வருவதேயில்லை. மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்த எம்மவர்கள் அங்கே காணாத சூரியனுக்கே பொங்கிப் படைத்தார்கள்.

கடந்த 22 ஆம் திகதி மாலை அவ்வீட்டு வழியே போனேன். சமையலறை யன்னலில் ஒரு சிறு விளக்கு எரிந்தது. இந்நாட்டவர் இம்மாதத்தில் வைக்கும் மின்விளக்கென்றே முதலில் எண்ணினேன். கிட்டப் போனால் நல்லெண்ணெய்த் திரி. தை பிறந்ததும் வழமைபோலப் பொங்கலும் உண்டாம். பேத்திதான் இம்முறை பானையில் அரிசி இடப் போகின்றாளாம்.