போஃபர்ஸ் வென்றது, ரஃபேல் தோற்றது ஏன்?

2019 மக்களவைத் தேர்தலில் காங்கிரஸ் எதைச் சொல்லி வாக்குக் கேட்டது என்று இன்று யாரைக் கேட்டாலும் முதலில் நினைவுக்கு வருவது 'சௌகிதார் சோர் ஹை' என்ற முழக்கம்தான். காவலாளியே திருடன் என்று பொருள்; காவலாளி என்றது பிரதமரை. 36 ரஃபேல் போர் விமானங்களை ஏறத்தாழ ரூ.59,000 கோடிக்கு வாங்கிய ஒப்பந்தத்தில் முறைகேடு நடந்ததாகச் சொல்லி, ராகுல் காந்தி மாதக்கணக்கில் மேடைதோறும் அதையே எழுப்பினார். பாஜக 303 இடங்களில் வென்றது. காங்கிரஸுக்குக் கிடைத்தவை 52. 2004 முதல் தன் வசமிருந்த அமேதியிலேயே ராகுல் 55,000-க்கும் மேற்பட்ட வாக்குகளில் தோற்றார். ஒப்பந்தம் பற்றிக் கேள்விகளே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இருந்தன, கேட்டே தீர வேண்டியவை அவை. ஆனால் ஒரு கட்சி தன் பேச்சு மொத்தத்தையும் எதிராளியின் ஊழலாகச் சுருக்கிக்கொண்டால், அடி திரும்பித் தன் மேலேயே விழும் என்பதை அந்தத் தேர்தல் வலிக்க வலிக்கக் காட்டியது.

உடனே போஃபர்ஸை நினைவூட்டுவார்கள். பீரங்கி பேரத்தில் லஞ்சம் கைமாறியதாக 1987 ஏப்ரலில் ஸ்வீடன் வானொலி வெளியிட்ட ஒரு செய்தி, 404 இடங்களுடன் ஆட்சிக்கு வந்த ராஜீவ் காந்தியின் கட்சியை 1989-இல் 197-க்கு இறக்கியதே என்பார்கள். உண்மைதான். ஆனால் குற்றம் சாட்டியவர் யார் என்று பார்க்க வேண்டும். வி.பி.சிங் நிதியமைச்சராக இருந்தபோதே பெருந்தொழிலதிபர்கள் மீது சோதனைகள் நடத்தியவர். பாதுகாப்பு அமைச்சராக நீர்மூழ்கிக் கப்பல் பேரத்தில் விசாரணைக்கு உத்தரவிட்டு, அதனாலேயே பதவியை விட்டு வெளியேறியவர். பதவியைத் துறந்து வந்தவர் சொன்னதால் வடஇந்தியா நம்பியது. தென்னிந்தியா அப்போதும் அசையவில்லை. ஆந்திரத்தில் 42-இல் 39, கர்நாடகத்தில் 28-இல் 27 காங்கிரஸுக்கே போயின. தேசிய முன்னணியின் தலைவரான என்.டி.ராமராவ் ஆண்ட மாநிலம் ஆந்திரம் என்பதை மறக்கக் கூடாது. அவருடைய ஆட்சி மீதான கோபம் பீரங்கியைவிடப் பக்கத்தில் இருந்தது. தமிழ்நாட்டில் 39-இல் 38 இடங்களைக் காங்கிரஸ் - அதிமுக கூட்டணி வென்றது; அந்த ஆண்டுத் தொடக்கத்தில்தான் ஆட்சியைப் பிடித்திருந்த திமுகவுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. போஃபர்ஸ் ஆவணங்களை வரிசையாக வெளியிட்ட 'தி இந்து' சென்னையிலிருந்து வந்த நாளிதழ். சேதி எட்டாத ஊர் இல்லை இது. எட்டியும், மக்கள் தங்கள் வாக்கைத் தீர்மானித்தது வேறு கணக்கை வைத்து.

ரஃபேலில் குற்றம் சாட்டியவருக்கு அந்தத் துறவுப் பலம் இல்லை. 2ஜி, நிலக்கரி, காமன்வெல்த் போட்டி என்று அவருடைய கட்சியே சுமந்துகொண்டிருந்த ஊழல் பழி ஐந்தாண்டு பழையதுதான். போதாததற்கு 2018 டிசம்பர் 14-இல் உச்ச நீதிமன்றம் விசாரணைக் கோரிக்கைகளைத் தள்ளுபடி செய்தது. 2019 மார்ச்சில் பாஜக 'நானும் காவலாளிதான்' என்று வசையையே பட்டமாகச் சூட்டிக்கொண்டது. புல்வாமா தாக்குதலுக்குப் பிறகு, போர் விமானத்தைப் பற்றிய எந்தப் பேச்சும் தேசப் பாதுகாப்புப் பேச்சாகி ஆளுங்கட்சிக்கே சாதகமானது. ஏப்ரல் 10 அன்று நடந்ததை மட்டும் சற்று நெருங்கிப் பார்க்கலாம். வெளியே கசிந்த ரஃபேல் ஆவணங்களையும் மறுஆய்வு மனுவில் பரிசீலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் அன்று சொன்னது. குற்றம் சாட்டியவர்களுக்கு அதுவே பெரிய நாள். அதே நாள் அமேதியில் மனுத் தாக்கல் செய்யச் சென்ற ராகுல், காவலாளி திருடியதாக நீதிமன்றமே சொல்லிவிட்டது என்றார். நீதிமன்றம் அப்படிச் சொல்லவில்லை. அவமதிப்பு வழக்கு வந்தது. முதலில் வருத்தம், மே 8-இல் நிபந்தனையற்ற மன்னிப்பு. ஏழு கட்டத் தேர்தலில் ஐந்து கட்டங்கள் அதற்குள் முடிந்திருந்தன. கேள்வி கேட்டவரே பதில் சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டார். முழக்கத்தில் மயங்கியவருக்குச் சான்றின் எல்லை மறந்துபோகிறது.

அப்படியென்றால் எதிர்க்கட்சி ஊழலைக் கண்டும் வாய்மூடி இருக்க வேண்டுமா? கூடாது. நாடாளுமன்றமும் தணிக்கைத் துறையும் நீதிமன்றமும் அதற்காகவே இருக்கின்றன. அங்கே கடைசிவரை மல்லுக்கு நிற்பது எதிர்க்கட்சியின் கடமை. என் கேள்வி தேர்தல் மேடையைப் பற்றியது. 2011 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டில் 2ஜி எடுபட்டதே என்றால், அன்று மணிக்கணக்கான மின்வெட்டும் விலைவாசியும் வீட்டுக்குள்ளேயே இருந்தன, ரூ.1.76 லட்சம் கோடி இழப்பு என்ற எண்ணுக்கு உயிர் வந்தது அந்த இருட்டில்தான். 2024 தேர்தலுக்கு முன் சிஎஸ்டிஎஸ் - லோக்நிதி நடத்திய கருத்தாய்வு இதை இன்னும் துல்லியமாகச் சொல்கிறது. ஊழல் கூடிவிட்டது என்றவர்கள் 55 சதவீதம். முதன்மைப் பிரச்சினை ஊழல் என்றவர்கள் 8 சதவீதம். வேலையின்மை என்றவர்கள் 27, விலைவாசி என்றவர்கள் 23. மக்களுக்கு ஊழல் தெரியாமலோ உறைக்காமலோ இல்லை. 'இவர் போய் நீ வந்தால் என் பிழைப்பு என்னாகும்' என்பதற்குப் பதில் வந்த பிறகே அதை எடைபோடுகிறார்கள். கட்சி நன்கொடைக்கான தேர்தல் பத்திரங்கள் அரசமைப்புக்கு முரணானவை என்று உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்த ஆண்டு அது. ஆனாலும் எதிர்க்கட்சிகளின் மேடையில் மேலோங்கி ஒலித்தவை அரசமைப்புச் சட்டமும் இடஒதுக்கீடும் வேலையும்தான். பாஜக 240-இல் நின்றது.

2019-இலும் சொல்வதற்குக் காங்கிரஸிடம் சரக்கு இருந்தது என்பதுதான் என்னை ஆற்றாமையில் தள்ளுகிறது. விவசாயக் கடன் தள்ளுபடியை முன்வைத்து ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் மூன்றையும் 2018 டிசம்பரில் அது வென்றிருந்தது. வேலையின்மை 45 ஆண்டுகளில் இல்லாத 6.1 சதவீதத்தைத் தொட்டதாக அரசின் சொந்த ஆய்வே காட்டியது 2019 ஜனவரி இறுதியில் வெளியே கசிந்தது. ஆனால் டிசம்பர் வெற்றிக்குப் பின் ஐந்தே மாதத்தில் அதே மூன்று மாநிலங்களின் 65 இடங்களில் பாஜக மட்டும் 61-ஐ அள்ளியது. பரம ஏழைகளான 20 சதவீதக் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு ரூ.72,000, அதாவது மாதம் ரூ.6,000 தரும் 'நியாய்' திட்டத்தைக் காங்கிரஸ் அறிவித்தது மார்ச் 25-இல். முதல் கட்ட வாக்குப்பதிவு ஏப்ரல் 11. அந்த ஆறாயிரம் ரூபாயை ஊர் ஊராகச் சென்று விளக்கியிருக்க வேண்டிய மாதங்கள் விமானத்தின் விலையைப் பேசுவதிலேயே போய்விட்டன.